காங்கேசன்துறை எந்தக் கண்டத்தில் இருக்கிறது?

நாகபட்டினத்திலிருந்து புறப்படும் பயணிகள் கப்பல் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் காங்கேசன்துறையில் வந்து கட்டுகிறது. இடையில் கிடப்பது சுமார் அறுபது கடல்மைல் தண்ணீர். போர்க்காலத்தில் அறுந்துபோன கடற்போக்குவரத்து 2023 ஒக்ரோபர் 14ஆம் திகதி இந்த வழியில் மீண்டும் தொடங்கியது. அதில் வருபவர் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்கு வருகிறார் என்பதில் ஐயமில்லை. கடவுச்சீட்டில் முத்திரை விழுகிறது. ஆனால் அவர் ஒரு கண்டத்தை விட்டு வந்தாரா?

தண்ணீரை அளவையாகக் கொண்டால், வந்துவிட்டார். நாற்புறமும் கடல் சூழ்ந்த இலங்கை ஒரு தீவு; நாகபட்டினத்தில் முடிந்துபோனது கண்டம். கடலடித் தரையை அளவையாகக் கொண்டால், அவர் கண்டத்தை விட்டு நகரவே இல்லை. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட இல்லாதது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகில் பனி உச்சத்தில் உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கையும் இந்தியாவும் ஒரே தரை. பனி உருகிக் கடல் ஏறியதால் தாழ்ந்த பகுதி மூழ்கியது. கண்டம் மூழ்கிய பகுதியிலும் தொடர்கிறது. இலங்கைப் பாடநூல்கள் கண்டமேடை என்று சொல்வது இந்தத் தரையைத்தான்.

புவித்தட்டுகளை அளவையாகக் கொண்டாலோ விடை இன்னும் விலகிப்போகிறது. காங்கேசன்துறையும் நாகபட்டினமும் டெல்லியும் இந்தியத் தட்டில் இருக்கின்றன; சீனாவின் பெரும்பகுதியும் சைபீரியாவும் அதில் இல்லை. இமயத்தில் மோதி நிற்கும் இந்தத் தட்டைப் பழைய கணக்கில் அவுஸ்திரேலியாவோடு சேர்த்து ஒரே தட்டாகக் கொள்வதும் உண்டு. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு மேற்கே, தட்டின் ஓரத்தில் இல்லாமல் அதன் உடலிலேயே, 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் இரண்டு தட்டுகளாகப் பிரிந்துகொண்டிருப்பதற்கு அதை ஒரு சான்றாகப் புவியியலாளர் பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவினை முடிந்த கணக்கு என்று நீங்கள் ஏற்காவிட்டால், காங்கேசன்துறைக்குப் பெய்ஜிங்கைவிடச் சிட்னி நெருங்கிய உறவு.

நான்காவது விடை பள்ளிக்கூட விடை: ஆசியா. உலகத்தில் ஏழு கண்டங்கள், இலங்கை ஆசியாக் கண்டத்தில் உள்ளது. பரீட்சையில் புள்ளி கிடைப்பது இதற்கு மட்டும்.

இந்த நான்கில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் எழுதவில்லை. நான்குமே ஒவ்வொரு தேவைக்குச் சரியானவை. எந்த அளவை யாருக்காக, எதற்காக எடுக்கப்பட்டது என்பதை மறைத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் பிள்ளைகளை ஒப்புவிக்கச் சொல்கிறோம். கோளாறு அங்கேதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அந்தக் கோளாறு ஏறக்குறைய இருநூறு ஆண்டுப் பழக்கம்.

அதற்கு முன் இந்த ஊர்க் கல்லைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். காங்கேசன்துறையிலும் கீரிமலையிலும் கரை மணலாகச் சரிவதில்லை. துளையும் புரையுமாக அரிபட்ட சுண்ணக்கல் நேரே கடலில் போய் முடிகிறது. உடைத்துப் பார்த்தால் சிப்பியும் சங்கும் பவளமும் அழுந்திய தடங்கள். மயோசின் காலத்தில், அதாவது ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் அப்பால், ஆழமில்லாத கடலின் அடியில் படிந்து இறுகிய கல் இது. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போர் மூடும்வரை இந்தக் கல்லைத்தான் அரைத்தது. அது தோண்டிய பள்ளங்கள் இன்னும் கிடக்கின்றன. மழைநீர் இந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உள்ளே குடைந்த வழிகளில் ஓடி, கீரிமலைக் கேணியில் கடலுக்கு ஒரு சுவர் தூரத்தில் ஊறுகிறது. அந்தக் கரையில் நின்று பார்க்கும் ஒருவருக்குத் தரை எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்பதே அவ்வளவு தெளிவாக இராது. சுண்ணக்கல்லுக்கு அடியில், ஆழத்தில், இலங்கையின் மற்றப் பகுதிகளில் மேலே தெரியும் மிகப் பழைய படிகப்பாறை கிடக்கிறது. தென்னிந்தியாவிலும் மடகஸ்காரிலும் அந்தாட்டிக்காவின் ஒரு கரையிலும் அதன் உறவுப் பாறைகள் உள்ளன.

இப்போது அந்த இருநூறு ஆண்டுப் பழக்கத்துக்கு வருவோம். அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, டானியல் பூவர் தங்கிப் பணிசெய்த இடம் தெல்லிப்பழை, காங்கேசன்துறைக்குத் தெற்கே நடந்துபோகக்கூடிய தூரம். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கியதும் அவர் அதற்குத் தலைவரானார். கணிதமும் வானியலும் பூமிசாத்திரமும் அங்கே உயர்நிலையில் கற்பிக்கப்பட்டன. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். அந்த வகுப்பறைக்கு வெளியே, கோயில்களில், கந்தபுராணப் படனம் நடந்தது. ஒருவர் பாட்டை வாசிக்க இன்னொருவர் பயன் சொல்லும் அந்த அவையில்தான் யாழ்ப்பாணத்தின் பெருந்தொகையான மக்கள் உலகத்தின் வடிவத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அசுர காண்டத்து அண்டகோசப் படலத்தில் நாவலந்தீவு நடுவே இருக்கிறது. அதைச் சுற்றி உவர்க்கடல். அதற்கப்பால் தீவும் கடலுமாக மாறிமாறி வளையங்கள்; எல்லாம் சேர்த்து ஏழு தீவுகள், ஏழு கடல்கள்.

அந்தப் பட்டியலும் எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. விட்டுணு புராணம் இரண்டாவதாகப் பிலட்சத் தீவைச் சொல்கிறது. மச்ச புராணத்தில் பிலட்சம் இல்லை, கோமேதகம் இருக்கிறது, தீவுகளின் வரிசையும் கடல்களின் வரிசையும் வேறு. பௌத்தர்களுக்கு மேருவைச் சுற்றி நான்கு பெருந்தீவுகள்தான். அந்த நான்கையும் அவற்றுக்கு இடையே இரண்டாயிரம் சிறு தீவுகளையும் மணிமேகலை சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும் இடத்தில் வைத்திருக்கிறது. மணிமேகலை சென்று இறங்கிய மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்பவர் பலர் என்பதால் நமக்கு இது அயலார் சங்கதி அல்ல. பெருந்தீவு எது, சிறுதீவு எது என்று அளவால் தரம் பிரிக்கும் எண்ணம் தமிழில் அவ்வளவு பழையது.

இந்தப் பட்டியல்களையும் உருண்டைப் பூமியையும் ஒன்றுக்கொன்று பொருத்த முயன்றவர்களும் இருந்தார்கள். பாஸ்கராசாரியர் 1150இல் எழுதிய சித்தாந்த சிரோமணி, பூமி உருண்டை என்பதை நிறுவிவிட்டு, நாவலந்தீவாகிய சம்புத்தீவை வட அரைக்கோளம் முழுவதற்கும் வைத்து, மற்ற ஆறு தீவுகளையும் உவர்க்கடலுக்குத் தெற்கே தள்ளியது. சித்தாந்த நூல்களில் இலங்கை நிலநடுக்கோட்டில், உச்சயினி வழியாகச் செல்லும் முதல் நெடுங்கோட்டின்மேல் இருக்கிறது. உண்மையான காங்கேசன்துறை ஏறக்குறைய வட அகலாங்கு 9.8 பாகையிலும் உச்சயினிக்கு நான்கு பாகைக்கு மேல் கிழக்கிலும் இருக்கிறது. கணக்குத் தொடங்குவதற்கு ஒரு புள்ளி வேண்டும். அதற்கு இலங்கை என்று பெயர் வைத்தார்கள். கிரீனிச்சில் ஒரு கோட்டைப் போட்டு அங்கிருந்து உலகத்தை அளப்பதும் அதே வகையான செயல்.

பூவருக்கும் ஊர்ப் பஞ்சாங்கத்துக்கும் நேரடி மோதல் 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்தில் நேர்ந்தது. பஞ்சாங்க கணிதத்தில் பேர்பெற்ற அராலி விசுவநாத சாஸ்திரியார் சொன்ன கணக்குக்கும் பூவர் சொன்ன கணக்குக்கும் வேறுபாடு இருந்தது. கிரகணம் பூவர் பக்கம் நின்றது. பல ஆண்டுகளுக்குப் பிறகும் மிசனரிமார் அந்த இரவை நினைவூட்டிக்கொண்டிருந்தார்கள். 1841 ஜனவரியில் தொடங்கிய உதயதாரகையில் சோதிடமும் புராணப் பூகோளமும் விவாதமாயின. செமினறியில் பூவருக்குப் பின் வந்த ஹொய்சிங்டன் இந்து வானியலையே எடுத்து ஆராய்ந்து 1848இல் யாழ்ப்பாணத்தில் நூல் வெளியிட்டார்.

சாஸ்திரியார் மரபின் கணக்கை நான் மதிக்கிறேன். அந்த இரவில் அது பிழைத்தது என்பதையும் ஏற்கிறேன். கிரகணம் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய சங்கதி. பாற்கடலும் தயிர்க்கடலும் கப்பல் போய்ப் பார்க்கக்கூடியவை; போனவர் எவரும் உவர்நீரைத் தவிர வேறொன்றைக் காணவில்லை. இதுவரை மிசனரிமார் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் கிரகணத்தில் வென்ற அதிகாரம் அப்படியே பூமிசாத்திர வகுப்புக்குள் நுழைந்தது. உலகம் இத்தனை பெரும்பிரிவு என்பதும் கிரகணம் போல் கண்டறிந்த உண்மைதான் என்று மாணவர்கள் கொண்டார்கள். அதை எந்தக் கடிகாரத்தாலும் சோதிக்க முடியாது.

பூவர் எத்தனை கண்டம் படித்திருப்பார்? அவர் வளர்ந்த காலத்து அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பெயர்பெற்றிருந்தவை ஜெடிடாயா மோர்ஸின் நூல்கள். அவை உலகத்தை இரண்டு கண்டங்களாகச் சொல்லின: கிழக்குக் கண்டம், மேற்குக் கண்டம். ஐரோப்பா, ஆசியா, ஆபிரிக்கா, அமெரிக்கா என்ற நான்கும் அந்த இரண்டுக்குள் அடங்கிய பிரிவுகள். அந்தாட்டிக்காவை மனிதக் கண் முதன்முதல் கண்டதே 1820இல், பூவர் தெல்லிப்பழையில் இருந்தபோது. வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் தனித்தனியே எண்ணி ஏழு என்று முடிக்கும் வழக்கம் அமெரிக்காவிலேயே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வேரூன்றியது. ஆக, புராணத்தின் ஏழை மறுத்தவர்களின் கையில் அன்று ஏழு இருக்கவில்லை. இன்று நம் பிள்ளைகள் பாடமாக்கும் ஏழு அதற்கும் வெகுகாலம் பிந்திய வரவு.

இன்றும் அது உலகப் பொது அல்ல. இடம்பெயர்ந்துபோன யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றில் தமையன் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் தங்கை பிள்ளைகள் பரிசிலும் படித்தால், கனடாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்கா இரண்டு கண்டம். பிரான்சில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதை ஒரே கண்டமாகப் படிக்கிறார்கள். இலத்தீன் அமெரிக்காவிலும் அமெரிக்கா ஒன்றே. தங்கள் கண்டத்தின் பெயரை ஒரு நாடு தனக்கு மட்டும் எடுத்துக்கொண்டது என்ற மனக்குறையும் அதோடு சேர்ந்திருக்கிறது. ரஷ்யாவில் ஐரோப்பாவும் ஆசியாவும் யூரேசியா என்ற ஒரே கண்டம். ஒலிம்பிக் கொடியில் வளையங்கள் ஐந்து. அவுஸ்திரேலியா 2006 முதல் உதைபந்தாட்டத்தில் ஆசியாவைச் சேர்ந்தது.

ஐரோப்பாவின் எல்லையைப் போல அளவையின் பின்னால் நிற்கும் ஆளைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. ஒரே நிலத்துக்கு ஏன் மூன்று பெயர்கள், அவையும் பெண்களின் பெயர்கள் என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸ் வியந்து கேட்டார். அவற்றுள் ஐரோப்பாவும் ஆசியாவும் கிரேக்கர் தங்கள் கடலின் இரு கரைகளுக்கு வைத்த பெயர்கள். கடலுக்கு வடக்கே போனால் கரையே இல்லை, நிலம் தொடர்கிறது. ஆகவே ஆறுகளைப் பிடித்துக் கோடு போட்டார்கள். நெடுங்காலம் தொன் ஆறே எல்லை. பொல்தாவாப் போரில், 1709இல், ரஷ்யரிடம் சிறைப்பட்ட சுவீடன் அதிகாரி ஸ்ட்ராலன்பேர்க் 1730இல் வெளியிட்ட நூலில் எல்லையை யூரல் மலைக்கு நகர்த்தினார். ரஷ்யப் பேரரசின் அறிஞர் தாத்திஷ்சேவும் அதே கோட்டையே வற்புறுத்தினார். மகா பீட்டருக்குப் பிந்திய ரஷ்யா தன் தலைநகரையும் உள்நாட்டையும் ஐரோப்பா என்றும், யூரலுக்கு அப்பால் தான் பிடித்த நிலத்தை ஆசியா என்றும் பார்க்க விரும்பிய காலம் அது. யூரல் தாழ்ந்த, தேய்ந்த மலை. இமயம் பிரிப்பதில் பாதிகூட அது பிரிப்பதில்லை. இமயத்துக்குத் தெற்கே இருப்பது உபகண்டம், யூரலுக்கு மேற்கே இருப்பது கண்டம் என்ற வழக்குக்குப் பாறையில் ஆதாரம் கிடையாது.

இங்கே அண்டகோசப் படலத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். சூரபன்மன் அண்டங்களை ஆளும் வரம் பெற்ற பிறகு அந்தப் படலம் வருகிறது. அதை அடுத்து வருவது திக்குவிசயப் படலம். வெல்லப் போகிறவனுக்கு முதலில் எண்ணிக்கை தேவைப்படுகிறது. கச்சியப்ப சிவாசாரியார் அந்த ஒழுங்கில் வைத்ததை வெறும் கதையமைப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பாறையை மட்டும் பார்த்துக் கண்டத்தை வரையறுக்க முயன்றவர்களும் உண்டு. நியூசிலாந்தின் நிக் மோர்ட்டிமரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2017இல் நான்கு அடையாளங்களைச் சொன்னார்கள்: சுற்றியுள்ள கடலடியைவிட உயர்ந்திருத்தல், பல்வகைப் பாறைகள், கடலடி ஓட்டைவிடத் தடித்த ஓடு, தெளிவான எல்லையும் போதிய பரப்பும். இந்த அளவையில் 49 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சீலாந்தியா ஒரு கண்டம். அதில் 94 வீதம் கடலுக்குள் இருக்கிறது, வெளியே தெரிவது முக்கியமாக நியூசிலாந்தும் நியூ கலிடோனியாவும். நல்ல அளவை என்றே நினைக்கிறேன். ஆனால் “போதிய பரப்பு” என்ற இடத்தில் மனிதன் மறுபடியும் உள்ளே வந்துவிடுகிறான். எவ்வளவு போதும்? 77 இலட்சம் சதுர கிலோமீற்றர் அவுஸ்திரேலியா கண்டம், 21 இலட்சம் கிறீன்லாந்து தீவு என்பது வழக்கு. இடைவெளியில் எங்கே கோடு போடுவது என்பதைப் பாறை சொல்லாது.

கடல்கொண்ட கண்டம் என்றதும் தமிழ் வாசகர் பலருக்கு லெமூரியா நினைவுக்கு வரும். அந்தப் பெயரை 1864இல் வைத்தவர் பிலிப் ஸ்க்லேற்றர் என்ற ஆங்கில விலங்கியலாளர். மடகஸ்காரில் உள்ள லெமூர் இன விலங்குகளின் உறவுகள் இந்தியாவில் இருப்பதற்கு விளக்கம் தேடி இடையில் ஒரு நிலத்தைக் கற்பித்தார். நிலங்களே நகர்கின்றன என்பது பின்னர் தெளிவானதும் இடையில் மூழ்கிய நிலம் தேவைப்படாமல் போயிற்று. குமரிக்கண்டத்தை நம்பி வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்வது எளிதன்று. ஆனால் அவர்களுக்குச் சொல்ல அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. கோண்டு மக்களின் நாட்டால் பெயர் பெற்ற கோண்டுவானா என்ற பெருநிலத்தில் இலங்கை இந்தியாவுக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடையே ஒட்டிக் கிடந்தது. அது உடைந்த பின் வடக்கே பெயர்ந்து வந்த துண்டின் ஓரத்தில்தான் பாக்கு நீரிணை இருக்கிறது. இதற்குச் சான்று கண்டி மலைகளில் கையால் தொடக்கூடிய பாறையாக நிற்கிறது.

சட்டத்தில் இந்தக் கேள்விக்குக் காசுமதிப்பு உண்டு. 1982இல் கையெழுத்தான ஐக்கிய நாடுகள் கடற்சட்ட சமவாயத்தின் 76ஆம் உறுப்புரை, கரையோர நாட்டின் கண்டமேடை 200 கடல்மைல்வரை செல்லும் என்றும், இயற்கையமைப்பு இடங்கொடுத்தால் அதற்கப்பாலும் நீளும் என்றும் சொல்கிறது. அந்த மேடையில் உள்ள எண்ணெயும் கனிமமும் அந்த நாட்டுக்கு. தீவுக்கும் கண்டமேடை உண்டு; சட்டம் தீவென்றும் கண்டமென்றும் பேதம் பார்ப்பதில்லை. கண்டத்தின் விளிம்பை அளக்க அடையல் எவ்வளவு தடிப்பு என்று பார்க்கும் சூத்திரம் ஒன்றை வகுத்தார்கள். வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் அந்தச் சூத்திரம் இலங்கைக்குப் பொருந்தவில்லை. இமயத்திலிருந்து வந்த வண்டல் அங்கே கடலடியில் வெகுதூரம் படர்ந்து கிடக்க, இலங்கையின் மேடையோ ஒடுக்கம். சமவாயத்தை வகுத்த மாநாட்டின் தலைவர் இலங்கையரான ஹமில்ட்டன் சேர்லி அமரசிங்க. 1980 டிசம்பரில் இறக்கும்வரை அவரே தலைமை தாங்கினார். 1980 ஓகஸ்டில் இலங்கைக்கு நிகரான நிலையில் உள்ள நாடுகளுக்கென்று தனி உடன்பாடு ஒன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது: அடையல் ஒரு கிலோமீற்றர் தடிப்புள்ள இடம்வரை எல்லையைக் கொண்டுபோகலாம். அதன் அடிப்படையில் இலங்கை 2009 மே 8ஆம் திகதி தன் கோரிக்கையைச் சமர்ப்பித்தது. கண்டம் எங்கே முடிகிறது என்பதற்கு இரண்டு சூத்திரங்கள் சட்டபூர்வமாகவே உலகில் இருக்கின்றன. ஒன்று பொதுவுக்கு, மற்றது நமக்கு.

காங்கேசன்துறைக்கு வடக்கே அவ்வளவு தூரம் கிடையாது. அங்கே 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பமிட்ட கோடுகள்தாம் எல்லை. கோட்டுக்கு அடியில் மேடை ஒன்றே. ஆழமில்லாத, மீன் பெருகும் மேடை. கோட்டைத் தாண்டி வரும் இழுவைமடி அந்தத் தரையை வழித்துக்கொண்டு போகும்போது, கடலடி ஒன்றாக இருப்பதன் நட்டம் வடபகுதி மீனவரின் வலையில் தெரிகிறது.

பாடநூல் எழுதுவோர்க்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஏழு கண்டங்களின் பெயர்களை நீக்கவேண்டாம். வழக்கு என்று குறிப்பிட்டே கொடுங்கள். அந்தப் பக்கத்தில் பாக்கு நீரிணையின் ஆழத்தைக் காட்டும் படம் ஒன்று இருக்கட்டும். கடல் 120 மீற்றர் தாழ்ந்தால் கரை எங்கே இருக்கும் என்று பிள்ளை பென்சிலால் வரையட்டும். பிறகு அதே தாளில் தட்டின் எல்லையையும் அரசுகளின் எல்லையையும் வரைந்து, மூன்று கோடுகளும் ஏன் மூன்று இடங்களில் போகின்றன என்று எழுதட்டும். புள்ளியை அந்த விடைக்குக் கொடுங்கள்.